தண்ணீர் காட்டிய எடை



ராஜபாளையத்திலிருந்து ஒரு சகோதரி சென்ற மாதம் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை முதலில் உங்கள் முன் வைக்கிறேன்.

"என் மாமியாருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தொடை எலும்பு முறிந்தபோது, மதுரையில் மருத்துவர் உள்ளே ஒரு தகடு வைத்தார். அது டைட்டானியம் என்று சொன்னார். இப்போது என் மகன் தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு டைட்டானியத்தில் போல்ட்டுகளும், முன்சக்கரத்தின் அச்சும் வாங்கி வந்திருக்கிறான். எலும்புக்கு வைப்பதை வண்டிக்கும் வைப்பார்களா? அவன் சொல்வது மெய்தானா? இதன் பொருட்டு அத்தாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்று நான்கு நாட்கள் ஆகின்றன. தாங்கள் ஒரு வழி சொல்ல வேண்டும்."

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் மருமகள், மாமியார், சம்பந்தம், படிப்பு ஆகியவையே மிகுதி. போல்ட்டும் நட்டும் பற்றி ஒரு தாய் கேட்டிருப்பது இதுவே முதல் முறை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பதில் எழுதி அனுப்புவதைவிட நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து ஏறிவிட்டேன். போகும்போது என் தங்கை மகளிடமிருந்து ஒரு பொருளை இரவல் வாங்கிக்கொண்டேன். அது கேக் செய்வதற்காக அவள் வாங்கி வைத்திருந்த சிறிய எலக்ட்ரானிக் தராசு. ஒரு கிராம் வரை காட்டும்.

அந்த வீட்டின் தலைவர் நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டில் முதல் நூற்பாலை எழுந்தது முதல், இரும்பையும் எஃகையும் தொட்டுப் பார்த்தே எடை சொல்லும் மனிதர்கள் அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக உருவாகி வந்திருக்கிறார்கள். இவரும் அவர்களில் ஒருவர். மகன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். தவணையில் 350 சி.சி. வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். நண்பர்கள் நால்வருடன் கொல்லம் வரை போய்க் கடல் பார்த்து வருவதென்று திட்டம். அந்தப் பயணத்துக்கு முன்பாக வண்டியை "ரெடி" செய்ய வேண்டுமென்று இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து, இணையவழியில் வரவழைத்திருந்தான்.

வாசலில் அவன் ஸலாம் சொல்லி வரவேற்றான். "மாமா, நீங்களே சொல்லுங்கள். அத்தாவுக்குப் பழைய இரும்புதான் தெரியும். இது ஆகாய விமானத்தில் போடுகிற உலோகம்" என்றான். அத்தா உள்ளே நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் மட்டும் திருப்பப்படவே இல்லை.

முதலில் அந்தச் சகோதரியின் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். ஆம், எலும்புக்கு வைக்கும் உலோகத்தை வண்டிக்கும் வைக்கிறார்கள். தூய டைட்டானியத்துடன் நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் கலந்த உலோகக் கலவை ஒன்று உண்டு. விமானத்தின் பாகங்களுக்கும், இடுப்பு மூட்டுக்கும், எலும்புத் தகட்டுக்கும், பந்தய மோட்டார் சைக்கிளின் போல்ட்டுக்கும் பெரும்பாலும் அதுவே பயன்படுகிறது. துருப்பிடிக்காது, எஃகின் எடையில் பாதியைவிடச் சற்றே கூடுதல், வலிமையோ நல்ல எஃகுக்கு ஈடானது.

ஈடானது என்றுதான் சொன்னேன், மேலானது என்று சொல்லவில்லை. இளைஞர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். உங்கள் வீட்டு வண்டியில் உள்ள போல்ட்டின் தலையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும். 8.8 என்றால் அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 80 கிலோ இழுவையைத் தாங்கும் என்று பொருள். 10.9 என்றால் 1000 நியூட்டன். நான் சொன்ன டைட்டானியக் கலவை இவ்விரண்டுக்கும் நடுவே, 900 நியூட்டனுக்குச் சற்று மேலே நிற்கிறது. வலிமையில் அதை விஞ்சும் எஃகு வகைகள் பல உண்டு. டைட்டானியத்தின் பெருமை எடையில்தான் இருக்கிறது. விறைப்பிலோ அது எஃகில் ஏறக்குறைய பாதிதான். அதே பருமனுள்ள எஃகுத் தண்டைவிட டைட்டானியத் தண்டு அதே பாரத்தின்கீழ் இரண்டு மடங்கு வளைந்து கொடுக்கும்.

எடை எவ்வளவு குறையும் என்பதையும் அந்தத் தம்பியிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். 350 சி.சி. வண்டி ஒன்றின் எடை 195 கிலோ. மாற்றத்தக்க போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அனைத்தையும் டைட்டானியத்துக்கு மாற்றினால் குறைவது சுமார் 860 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை 740 கிராமுக்கு அருகில். ஆகவே, தொட்டியில் ஒரு லிட்டரும் சொச்சமும் குறைவாக ஊற்றிக்கொண்டு புறப்பட்டால் அதே பலன் கிடைத்துவிடும். அவன் சிரித்துவிட்டான். உள்ளே செய்தித்தாளின் பக்கம் முதல் முறையாகத் திரும்பியது.

அப்படியானால் பந்தயக்காரர்கள் ஏன் இதை நாடுகிறார்கள்? இயந்திரத்தின் உள்ளே ஓடும் பாகங்களில் இதன் அருமை வேறு. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இயந்திரத்தில், பிஸ்டன் ஒரு நொடிக்கு நூறு முறை மேலேறிக் கீழிறங்குகிறது. அதைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடில் சில கிராம் குறைந்தாலும், ஒவ்வொரு திருப்பத்திலும் அது இழுக்கும் விசை குறையும். ஹோண்டா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ஆர்.சி.30 என்னும் வண்டியில் கனெக்டிங் ராடுகள் டைட்டானியத்தால் ஆனவை. வால்வுகளிலும் இதே நியாயம்தான். சைலன்சரில் இதைப் பயன்படுத்துவது வெப்பத்தையும் துருவையும் தாங்கும் என்பதற்காகவும், கனம் குறையும் என்பதற்காகவும். நம்பர் பிளேட்டைப் பிடித்திருக்கும் போல்ட் எங்கும் ஓடுவதில்லை. அது டைட்டானியமாக இருந்தால் என்ன, இரும்பாக இருந்தால் என்ன?

பேச்சு இவ்வளவு தூரம் வந்தபோது, "பொருளை எடுத்து வா தம்பி, பார்ப்போம்" என்றேன். கொண்டு வந்தான். பத்து போல்ட்டுகள், வானவில் நிறத்தில் மின்னின. ஒரு முன்சக்கர அச்சு, மயில் கழுத்து நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தன. "காந்தம் வைத்துப் பார்த்துவிட்டேன் மாமா, ஒட்டவில்லை" என்றான் பெருமையுடன்.

இளைஞர்கள் பலரும் இந்தக் காந்தச் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது என்பது உண்மையே. ஆனால் அலுமினியத்திலும் ஒட்டாது. நம் சமையலறை எவர்சில்வரில் பெரும்பாலானவற்றிலும் ஒட்டாது. நிறமும் சாட்சியாகாது. டைட்டானியத்தின் மேற்பரப்பில் படியும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தின் கனத்துக்கு ஏற்ப நீலமும் ஊதாவும் பொன்னிறமும் தோன்றும் என்பது மெய். அதே நிறங்களை அலுமினியத்தின் மேல் சாயமேற்றியும், எவர்சில்வரின் மேல் பூச்சுப் பூசியும் கொண்டுவர முடியும்.

பொய்யாக்க முடியாத சோதனை ஒன்று இருக்கிறது. அது மிகப் பழையது. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் மன்னரின் கிரீடத்தைத் தண்ணீரில் வைத்துச் சோதித்த கதையைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். அந்தக் கதையை முறையான அறிவியலாக வளர்த்தெடுத்தவர்களில் நம் முன்னோர் இருவர் உண்டு என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறியார். கி.பி. 973-இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பிரூனி, பக்கவாட்டில் குழாய் வைத்த கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றைச் செய்தார். அதில் நீர் நிரப்பி, உலோகத்தையோ இரத்தினத்தையோ உள்ளே இட்டு, வழிந்த நீரை நிறுத்து, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் கணக்கிட்டார். அவருடைய அளவுகள் பல இன்றைய அளவுகளுக்கு மிக நெருங்கியவை. அவருக்குப் பின் மர்வ் நகரில் வாழ்ந்த அல்காஸினி, ஹிஜ்ரி 515-இல், அதாவது கி.பி. 1121-இல், "மீஸானுல் ஹிக்மா" என்னும் நூலை எழுதினார். ஞானத்தின் தராசு என்பது அதன் பொருள். கலப்படத் தங்கத்தையும் போலி இரத்தினத்தையும் கண்டறிவதற்கென ஐந்து தட்டுகள் கொண்ட, நீரில் நிறுக்கும் தராசை அதில் அவர் விரிவாக வருணித்திருக்கிறார். இத்தனைக்கும் அவர் அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்று, கல்வியால் உயர்ந்தவர். கடைவீதியில் பொருள் வாங்கும் எளியவன் ஏமாந்துவிடக் கூடாது என்னும் கவலை ஒரு பேரறிஞரின் நூலுக்குக் காரணமாக இருந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அந்தத் தராசுக்கு அன்று எங்கே போவது? கேக் தராசும், சகோதரி கொடுத்த உயரமான கண்ணாடி ஜாடியும் போதுமானவையாக இருந்தன. முறையைச் சொல்கிறேன், வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம். பொருளை முதலில் சாதாரணமாக நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முக்கால் அளவு தண்ணீர் நிரம்பிய ஜாடியைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படியும், ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிடுங்கள். நூல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, பொருளின் பருமன் அத்தனை கன சென்டிமீட்டர். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி வந்துவிடும். அலுமினியத்துக்கு 2.7; டைட்டானியத்துக்கு 4.5, கலவையானால் 4.4, எஃகுக்கு 7.8, எவர்சில்வருக்கு எட்டை ஒட்டி, பித்தளைக்கு எட்டரைக்கு அருகே, தங்கத்துக்கு 19.3. ஒரு கிராம் முன்பின்னாக இருந்தாலும் பாதகமில்லை. நான்கரையும் எட்டும் ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருக்கின்றன.

தொடங்கும் முன் அத்தா எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் தம் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து மேசையில் வைத்தார். தெரிந்த பொருளை முதலில் சோதித்துவிட்டுத் தெரியாததற்குப் போக வேண்டும் என்பது ஆலையில் படித்த பாடம். ஸ்பானரின் எடை 156 கிராம். தண்ணீரில் 20. வகுத்தால் 7.8. எஃகு. தராசும் சரி, முறையும் சரி என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

அடுத்து போல்ட்டுகள் பத்தையும் ஒரே நூலில் கட்டினோம். 152 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டு, மரைகளில் ஒட்டிய காற்றுக் குமிழ்கள் போகும்படி மெல்ல ஆட்டினோம். 19 என்று நின்றது. அவனே வகுத்தான். எட்டு. எவர்சில்வர்! அவன் முகம் சுருங்கியது. மறுபடி செய்யச் சொன்னான். மறுபடியும் 19.

பிறகு அச்சு. அதை நிறுத்தபோது 111 கிராம். தண்ணீரில் இறக்கப் போகும்போது அத்தா, "இருங்கள், நடுவில் துளை இருக்கிறது. காற்று உள்ளே நின்றால் கணக்குப் பொய்க்கும்" என்றார். உண்மைதான். சாய்த்துப் பிடித்துக் காற்றையெல்லாம் வெளியேற்றினோம். தராசு 41 காட்டியது. 111-ஐ 41-ஆல் வகுத்தால் 2.7.

அலுமினியம்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. போல்ட்டுகளில் பணம்தான் போயிற்று. அச்சில் போகவிருந்தது வேறு. முன்சக்கரம் வண்டியோடு சேர்ந்திருப்பதே அந்த ஒரு தண்டினால்தான். எஃகுக்கு ஓர் இயல்பு உண்டு. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே எத்தனை இலட்சம் முறை வளைத்து நிமிர்த்தினாலும் அது களைப்படைவதில்லை. அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை இல்லை. ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் சோர்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறிந்துவிடும். எஃகுக்கென்று வகுத்த பருமனில் அலுமினியத்தை இட்டால் அந்த நாள் விரைவில் வரும். ஆரியங்காவுக் கணவாய் இறக்கத்தில், பின்னால் ஒரு நண்பனை உட்கார வைத்துக்கொண்டு போகும்போது வரவும் கூடும்.

"கையில் எடுத்தபோதே மிகவும் லேசாக இருந்தது. டைட்டானியம் என்றால் லேசு என்றான். எவ்வளவு லேசு என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் மாட்டாதே என்று மட்டும் சொன்னேன்" என்றார் அத்தா. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'நான் அப்போதே சொன்னேனே' என்று அவர் குத்திக் காட்டாதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தம்பி விடவில்லை. "அப்படியானால் உண்மையான டைட்டானியத்தில் அச்சு வாங்கினால் சரியா மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இதற்கு என் கருத்தைவிடப் பந்தய உலகத்தின் தீர்ப்பே பொருத்தமானது. உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தும் எஃப்.ஐ.எம். என்னும் சர்வதேச அமைப்பின் தொழில்நுட்ப விதிகளில், சேஸிஸ், முன்ஃபோர்க், ஹேண்டில்பார், ஸ்விங் ஆர்ம் அச்சு, சக்கர அச்சு ஆகியவற்றில் டைட்டானியம் கூடாது என்று தடை எழுதப்பட்டிருக்கிறது. சக்கர அச்சில் அலுமினியம் போன்ற லேசான கலவைகளுக்கும் தடை. போல்ட், நட்டுகளுக்கு டைட்டானியம் அனுமதிக்கப்படுகிறது. வேகத்துக்காகவே வாழ்கிறவர்கள், கிராம் கிராமாகக் குறைப்பவர்கள், அவர்களே ஒதுக்கி வைத்த இடத்தில் நாம் கொண்டுபோய் மாட்டலாமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாகம் டைட்டானியமா அன்றா என்று சோதிக்க அந்த விதிகள் கூறும் வழிகளில் காந்தமும் உண்டு. எடையையும், தண்ணீரில் பருமனையும் அளந்து பார்ப்பதும் உண்டு. அல்காஸினியின் முறை பந்தயக் களம் வரை போயிருக்கிறது.

இந்தத் தடைக்கு முன்னோடியான அனுபவம் ஒன்று இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனத்துக்கு நேர்ந்தது. அந்நிறுவனத்தின் வீரர் ஜெஃப் ஸ்மித், 500 சி.சி. மோட்டோகிராஸ் பந்தயத்தில் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகச் சாம்பியன். 1966-இல் இன்னும் லேசாக்க வேண்டுமென்று சேஸிஸையே டைட்டானியத்தில் செய்தார்கள். வளைந்தது, விரிசல் விட்டது. எஃகாக இருந்தால் களத்தின் ஓரத்திலேயே வெல்டிங் வைத்து ஓட்டியிருக்கலாம். சிவக்கச் சுட்ட டைட்டானியமோ காற்றை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஆர்கான் போன்ற வாயுவால் சூழ்ந்து காத்தால்தான் அதை வெல்டிங் செய்ய முடியும். அவ்வாண்டுப் பட்டம் செக் நாட்டு சி.இசட். வண்டியை ஓட்டிய கிழக்கு ஜெர்மனி வீரர் பால் ஃபிரெட்ரிக்ஸ் கைக்குப் போய்விட்டது. நம் ஊர்ப் பட்டறையில் ஒட்டவைக்க முடியாத பாகத்தை நெடும்பயணத்துக்கு நம்பிப் போவதில் இத்தகைய சங்கடமும் இருக்கிறது.

உண்மையான டைட்டானிய போல்ட்டை அனுமதித்த இடத்தில் மாட்டுவதானாலும் கவனம் வேண்டும். டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் மரை பற்றிக்கொண்டு, பிறகு எந்த ஸ்பானருக்கும் அசையாது. அதற்கென்று உள்ள கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸ் தடவினால் பழைய இறுக்க அளவு பொருந்தாது; டார்க் ரெஞ்ச் கொண்டு, அந்த போல்ட்டைத் தயாரித்தவர் சொன்ன அளவில் முறுக்க வேண்டும். அலுமினிய எஞ்சினில் மாட்டினால், மழைநீரும் உப்புக் காற்றும் படும்போது அரிக்கப்படுவது எஞ்சின் பக்கம்தான். பிரேக் காலிப்பரையும் டிஸ்க்கையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளை நான் தொடவே சொல்ல மாட்டேன். அவற்றில் 10.9 இருந்த இடத்தில் தலைமேல் எந்த எண்ணும் பொறிக்காத எவர்சில்வரைத் திருகுவது எவ்வளவு ஆபத்து என்பதை இப்போது நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். சைலன்சர் மாற்றுவதைப் பற்றியும் தம்பி மெல்லக் கேட்டான். ஒலி, புகை விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

மதியம் அந்தச் சகோதரி சாப்பாடு பரிமாறும்போது, "இவ்வளவு விலைக்கு விற்கிறார்களே, தங்கம்போல எங்கேயாவது அபூர்வமாகக் கிடைக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களின் வரிசையில் டைட்டானியம் ஒன்பதாவது. உங்கள் மகன் போகவிருந்த கொல்லத்துக் கடற்கரையிலேயே கால் பதியக் கிடக்கிறது என்றேன். இரண்டு ஊர்களையும் கடந்து செல்லும் அந்த 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியே கொல்லத்தில் போய் முடிகிறது. அங்கிருந்து வடக்கே சற்றுத் தொலைவில் சவறா. அங்கே கரையின் மணல் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு இல்மனைட் என்னும் தாது. டைட்டானியமும் இரும்பும் பிராணவாயுவும் கூடியது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அதே மணல்தான். காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில் இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கிச் செயற்கை ரூட்டைல் தயாரிக்கிறார்கள். இந்தத் தாதுக்களில் மிகப் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை. வெள்ளைச் சாயமாகி நம் வீட்டுச் சுவர்களுக்கும் பற்பசைக்கும் போய்விடுகிறது.

உலோகமாக்குவதுதான் கடினம். டைட்டானியம் பிராணவாயுவை எளிதில் விட்டுப் பிரியாது. இங்கிலாந்தில் வில்லியம் கிரிகர் என்னும் பாதிரியார் 1791-இல் கறுப்பு மணலில் இதைக் கண்டறிந்தார். தூய உலோகமாகப் பிரித்தெடுக்க 1910 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெரிய அளவில் செய்யும் வழியை வகுத்தவர் வில்லியம் கிரோல்; அவர் முறையில் ஆலை உற்பத்தி தொடங்கியதோ 1940-களின் இறுதியில். தாதுவை முதலில் குளோரின் வாயுவோடு சேர்த்துத் திரவமாக்குகிறார்கள். அதை ஆர்கான் சூழ்ந்த கலத்தில் 800 டிகிரிக்கு மேல் உருகிய மெக்னீசியத்தோடு வினைபுரிய விடுகிறார்கள். கிடைப்பது கடற்பஞ்சு போன்ற சாம்பல் நிறக் கட்டி. அதை நொறுக்கி, அழுத்தி, காற்றில்லாத உலையில் மின்வில்லால் உருக்கிய பிறகே கம்பியாகவும் தண்டாகவும் உருவம் பெறும். சவறாவில் கேரள மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனத்தில் ஆண்டுக்கு 500 டன் கடற்பஞ்சு டைட்டானியம் செய்யும் ஆலை 2011-இல் திறக்கப்பட்டது. விண்வெளித் துறையின் உதவியோடு, ஹைதராபாத் பாதுகாப்பு ஆய்வகத்தின் நுட்பத்தில் அமைந்தது அது. லேத்தில் கடைவதும் எளிதன்று. வெப்பம் உலோகத்தின் உள்ளே பரவாமல் உளியின் நுனியிலேயே தங்கி, உளியைத் தின்றுவிடும். விலை ஏறுவது இந்த உழைப்பினால்தான். அதனால்தான், பாதி விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால் தண்ணீர் ஜாடியை எடுக்க வேண்டியிருக்கிறது.

உதிரிப் பாகக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். மொத்த வியாபாரி உறையில் அச்சிட்டுத் தந்த பெயரை நம்பி நீங்களும் ஏமாந்திருக்கக் கூடும். வாங்குகிறவர் அதே பெயரை உங்கள் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்கிறார். ஒரு பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து நிறுத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். தராசு ஏற்கெனவே உங்கள் கடையில் இருக்கிறது.

சென்ற வாரம் தம்பியிடமிருந்து தகவல் வந்தது. விற்றவருக்கு எழுதியிருக்கிறான்; பணம் இன்னும் திரும்பவில்லை. கொல்லம் போய் வந்துவிட்டார்கள். போகும் முன்பு, நிறுவனம் பொருத்தித் தந்த எஃகு அச்சைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் இட்டு மாட்டியிருக்கிறான். அத்தா பக்கத்தில் குந்தியிருந்து டார்க் ரெஞ்சின் எண்ணைப் பார்த்துச் சொன்னாராம். சவறா மணலில் கொஞ்சத்தைச் சிறு பாட்டிலில் எடுத்து வந்து, நன்னியிடம் காட்டி, "உங்கள் காலில் இருப்பது இதுதான் நன்னி" என்றானாம். அவர் நம்பவில்லையாம்.

அந்த நீல அச்சைப் பற்றியும் எழுதியிருந்தான். விற்றவருக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு, அத்தா அதை வைஸில் பிடித்து, ஹாக்ஸா பிளேடால் நடுவே இரண்டாக அறுத்துவிட்டார். அழகாயிருக்கிறதே என்று நாளைக்கு யாராவது எடுத்து வேறொரு வண்டியில் மாட்டிவிடக் கூடாது என்றாராம். அறுக்க இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. உள்ளே நீலம் இல்லை, வெறும் வெள்ளை.